மேற்படி வீடு

இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
முதல் தரப்பினர் என்றால் துரைக்கண்ணு.
இரண்டாம் தரப்பினர் என்றால் என் கணவர்.
பதினோரு மாதம், பத்து மாத அட்வான்ஸ்,
மேற்படி வீட்டின் சுவரில் ஆணி அடிக்கலாகாது.
மூன்றாவதாக ஒருவர் அந்தத் தாளில் இல்லை.
கையெழுத்தான அன்று நான்
அடுப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.
நடுவில் ஒருமுறை கூப்பிட்டார்கள்,
பேனா வேண்டுமென்று.
கொடுத்தேன்.

ஏழு வருடம்.
அயனாவரம், முதல் மாடி, பின்பக்கம்.
இப்போது இரண்டாம் தரப்பினர்
ஓசூரில் வேறொரு தாளில் இரண்டாம் தரப்பினர்.
வீடு காலி, அட்வான்ஸை அனுப்புங்கள் என்று
போனில் சொன்னாராம்.
பாதி போய்விட்டதாம்.
மீதி, சாவி வந்த பிறகு.
அதில் அறுபதாயிரம் என் சீட்டுப் பணம்.
எந்த ஷரத்திலும் அது இல்லை.

"உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லம்மா"
என்றார் துரைக்கண்ணு.
சண்டைக்குரல் இல்லை.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.
"பேப்பர்ல உங்க பேரே இல்லியே."
உள்ளே குக்கரில் மூன்றாவது விசில்.
யார் வீட்டுப் பருப்பு என்று
அவர் கேட்கவில்லை.

கீழ்ப்பாக்கத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
எனக்கு வேலை.
பெயர் ஒட்டாத குழாயை வாங்கக்கூடாது. விதி.
எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
வார்டிலிருந்து பையன் ஓடிவருவான்,
"எட்டாம் பெட் தாத்தாவோடதுதான்க்கா, சத்தியமா."
ஸ்லிப் எங்கே என்பேன்.
குழாய் அப்போதும்
வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

அன்றிரவு ஆணிகளை எண்ணினேன்.
அடிக்கலாகாத சுவரில் ஒன்பது.
காலண்டர், சாவிக்கொத்து, மகளின் கேரம் பதக்கம்.
ஒன்றில் எதுவுமில்லை,
கரண்ட் போகிற நாளில் டார்ச் தொங்கும்.
புயல் வந்த டிசம்பரில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏற
முதல் தரப்பினர் குடும்பத்தோடு
நான்கு நாள் இந்தக் கூடத்தில் படுத்திருந்தார்.
அதற்கு யாரும் தாள் வாங்கவில்லை.
அவர் மனைவிக்கு என் நைட்டி
கொஞ்சம் இறுக்கம்.

பாரிமுனையில் வக்கீல் பிரிசில்லா
எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
வாடகையை நிறுத்தாதே.
வேண்டாமென்றாலும் அனுப்பு.
அனுப்பியதற்குத் தடம் வை.
ஜெயிப்பேனா என்பதற்கு பதில் சொல்லவில்லை.
ஃபீஸ் இருநூறு ரூபாய்,
அப்புறம் அவளுக்கு சுகர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றாம் தேதி.
போனில் பதினோராயிரத்து ஐநூறு.
குறிப்பு என்ற கட்டத்தை
இத்தனை வருடமும் காலியாகத்தான் விட்டேன்.
இந்த முறை நிரப்பினேன்:
செப்டம்பர் வாடகை,
முதல் மாடி, பின்பக்கம், எழிலரசி.
போய்ச் சேர்ந்தது என்றது போன்.
துரைக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை.
பணம் திரும்பியும் வரவில்லை.
அக்டோபரும் அப்படியே.

நேற்று விடியுமுன் மேல்தொட்டி வழிந்தது.
இந்தக் கட்டடத்தில்
மோட்டாரை நிறுத்த ஓடவேண்டியது யார் என்று
எழுதி வைத்தவர் இல்லை.
ஏழு வருடம் ஓடிய கால்
என்னைக் கேட்காமல் ஓடிற்று.
இருட்டில் துழாவி ஸ்விட்சைத் தட்டினேன்.
கீழேயிருந்து துரைக்கண்ணுவின் குரல்,
"யாரது?"

"நான்தான்."

கொஞ்ச நேரம் சொட்டும் சத்தம் மட்டும்.
பிறகு அவர் கதவு சாத்தும் சத்தம்.
ஈரக்கையால் சுவரைப் பிடித்து இறங்கினேன்.
மகளை எழுப்ப
இன்னும் அரைமணி நேரம் இருந்தது.